ஐஸ் அலமாரிக்குப் பாலாலயம்

தையல் மிஷினின் மிதிபலகையை வைத்துத் தேங்காய் துருவும் யந்திரம் செய்தவன் நான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அதற்கு முன்னால் அப்படி ஒன்று கிடையாது, பின்னாலும் கிடையாது. கரி போட்டுத் தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியின் வயிற்றைக் கிழித்து, அதற்குள் மின்சாரத்தைக் குடிவைத்தவன் நான். உடைந்த லோரியின் டைனமோவில் தகர இறக்கை பூட்டி, ரயில்வேயில் கணக்கு எழுதுகிற கிராணி ஒருவரின் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தலைக்கு மேல் காற்றாடி சுற்றவிட்டவனும் நானே. மாப்பிள்ளையின் தலைப்பாகை பறந்துபோய் அடுத்த வீட்டுக் கூரையில் உட்கார்ந்தது உண்மைதான். காற்று வந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

இவ்வளவும் எதை வைத்துக்கொண்டு? ஒரு திருப்புளி, ஒரு குறடு, வாய் பிளந்த ஒரு தகரப் பெட்டி. படிப்பா? தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பை முடிப்பதற்குள் வாத்தியார் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவரோடு என் படிப்பும் கப்பல் ஏறிவிட்டது. பிறகு ரப்பர் ஆலையில் இஞ்சினுக்கு எண்ணெய் போடப் போனேன். எண்ணெய் போட்டுக்கொண்டே அதன் வியாதிகளையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கோலாலம்பூருக்கு ரயிலேறிவிட்டேன்.

போன வாரம் இஸ்திரிப் பெட்டியைப் பற்றி எழுதியதற்கு, அது தன் அப்பா கண்டுபிடித்தது என்று சாலாக் செலாத்தானிலிருந்து ஓர் அம்மாள் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார். எடுத்துக்கொள்ளட்டும். இஸ்திரிப் பெட்டியை விட்டுக் கொடுத்தேன். தேங்காய் துருவியைக் கேட்டாலும் கொடுத்துவிடுவேன்.

கிள்ளான் ஐஸ் அலமாரியை மட்டும் கொடுக்க மாட்டேன்.

கால் மேலே, தலை கீழே

கண்ணை மூடினால் இன்றைக்கும் அந்தக் கூடம் தெரிகிறது.

நடுவில் ஒரு மெத்தை. மெத்தையின் மேல் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை அலமாரி தலைகீழாக நிற்கிறது. அதன் நான்கு குட்டைக் கால்களும் கூரையைப் பார்த்தபடி இருக்கின்றன. ஒவ்வொரு காலிலும் சந்தனம், அதன் மேல் குங்குமப் பொட்டு. கால்களைச் சுற்றி ஒரு மல்லிகை மாலை. எதிரே வாழையிலையில் குத்துவிளக்கு. வாசல் வரைக்கும் ஜனம். எல்லோரும் கைகூப்பி நிற்கிறார்கள்.

ஒரு பெண் இடுப்பிலிருந்த குழந்தையிடம் சொல்கிறாள்: "கும்பிட்டுக்கடா. சாமி தவம் பண்ணுது."

மூலையில் வீட்டுக்காரர் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நடுக்கூடத்தில் திருப்புளியோடு நான்.

அந்த அலமாரியைத்தான் இப்போது பிரிட்ஜ் என்கிறீர்கள். அது எப்படிச் சாமி ஆயிற்று, சாமியை நான் எப்படித் தலைகீழாக்கினேன் என்பதைச் சொன்னால்தான் என் நியாயம் உங்களுக்குப் புரியும்.

லேலோங்கில் வந்தது

ரப்பர் விலை பாதாளத்துக்கு இறங்கிய காலம் அது. தோட்டத்துத் துரைமார்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குத் திரும்பினார்கள். அவர்கள் விட்டுப்போன கட்டில், பியானோ, பூட்ஸ் எல்லாம் லேலோங் போட்டு ஏலத்தில் போயின.

கிள்ளானில் வேலாயுதம் கண்ட்ராக்டர் என்று ஒருவர் இருந்தார். சடக்குக்கு, அதாவது ரோட்டுக்கு, கல் அடிக்கிற கண்ட்ராக்ட், சொந்தமாக லோரி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீடு. மீசையைப் பார்த்தாலே லோரிக்காரர்கள் பிரேக் போடுவார்கள். தெலுக் பங்லிமா காராங் பக்கத்தில் நடந்த ஒரு லேலோங்குக்குக் கட்டில் வாங்கப் போனவர், வெள்ளை அலமாரி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

"அடியில வெளக்கு ஏத்துனா மேல ஐஸ் காய்க்கும்" என்று ஏலம் போட்டவன் சொன்னானாம். கண்ட்ராக்டர் நம்பவில்லை. ஆனால் அதற்குள் கையைத் தூக்கிவிட்டார்.

அந்த ஆள் சொன்னது பொய்யில்லை. மின்சாரம் எட்டாத தோட்டத்து பங்களாக்களுக்காகச் செய்த அலமாரி அது. அடியில் மண்ணெண்ணெய்த் திரி எரியும். அந்தச் சூடு முதுகுப்பக்கத்துக் குழாயிலுள்ள மருந்துத் தண்ணீரைக் கிளப்பிவிட, மேலே குளிரும். நெருப்பால் ஐஸ். படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். நான் படிக்காததால் உடனே ஒப்புக்கொண்டேன்.

வாங்கிய பிறகு அதை நம்பத் தொடங்கிவிட்ட கண்ட்ராக்டருக்குச் சந்தோஷம் தலைக்கேறி, சடக்குகளைப் பார்க்கிற துரையிடம் போய்ப் பெருமையடித்துவிட்டார். துரையும் தீபாவளியன்று வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். ஆனால் அலமாரி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஐஸ் காய்க்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு என் ஞாபகம் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் அவருடைய கடைவீட்டு அஞ்சடியில், அதாவது கடைக்கு முன்னால் ஜனங்கள் நடந்துபோகும் நடைபாதையில், ஒரு தூணோரம்தான் என் தொழில். தூணில் ஒரு தகரப் பலகை: 'ராக்கப்பன், இஞ்சினியர்'. பழுதான சாமானோடு வருகிறவர்களுக்கு அந்தத் தூண்தான் அடையாளம். தூண் போனால் நான் மறுபடியும் ரப்பர் ஆலைக்குத்தான் போக வேண்டும்.

கண்ட்ராக்டர் லோரியை விட்டு இறங்காமலே கூப்பிட்டார்.

"டேய் ராக்கப்பா! தீவாளிக்குள்ள ஐஸ் காய்க்கணும். காய்ச்சுதுன்னா கடையில முன்பாதி ஒனக்கு. காய்க்கலன்னா, இந்த அஞ்சடியையும் காலி பண்ணிட்டுப் போயிரு."

"மொதலாளி, பாசார்ல சீனர் கடையில ஐஸ் விக்கிறாங்களே. மரத்தூளத் தட்டிட்டு உள்ள வெச்சிட்டா தொரைக்கு என்ன தெரியப் போவுது?"

"அவர் ஐஸ் திங்க வரலடா. என் வூட்டு நெருப்புல அது காய்க்கிறதப் பாக்க வர்றாரு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் ரயிலில் ஏறினேன்.

நல்லெண்ணெய் வாசம்

வீட்டுக்குள் கால் வைத்ததுமே மூக்கு சொல்லிவிட்டது. மண்ணெண்ணெய் எரிகிற இடத்தில் மண்ணெண்ணெய் வாசம் அடிக்க வேண்டும். அங்கே சனிக்கிழமைச் சன்னிதி மாதிரி வாசம் அடித்தது.

அலமாரி கூடத்தில் கிழக்கு பார்த்து நின்றது. நெற்றியில் மூன்று பட்டை விபூதி. கைப்பிடியில் மாலை. அடியிலிருந்த சின்னக் கண்ணாடிக்குள் மஞ்சள் சுடர் ஒன்று வால் ஆட்டிக்கொண்டிருந்தது. பின்சுவரில் கூரை வரைக்கும் கரி.

கண்ட்ராக்டரின் மனைவி அங்கம்மாள் முன்னால் உட்கார்ந்து திரியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்று உயரம். குரல் மட்டும் மெல்லிசு. அந்த மெல்லிய குரலுக்கு முன்னால் கண்ட்ராக்டரின் மீசை தானாகவே படிந்துவிடும்.

"பெரியம்மா, இதுல என்ன எண்ணெய் ஊத்துறீங்க?"

"நல்லெண்ணெய்தாம்பா. வெள்ளிக்கெழமையில நெய்."

"இது மண்ணெண்ணெய் அடுப்பு பெரியம்மா."

"அடுப்பா?" திரும்பிப் பார்த்தார். "கெழக்கு பாத்து ராப்பகலா எரியுற வெளக்கு. அதுல சீமெண்ணெய ஊத்துனா குடும்பம் வெளங்குமா? ஒங்க வூட்ல சாமி வெளக்குக்குச் சீமெண்ணெயா ஊத்துறீங்க?"

எனக்கு வீடே கிடையாது.

அலமாரிக் கதவைத் திறந்தேன். உள்ளே அடுப்பங்கரை மாதிரி வெதுவெதுப்பு. மேல் தட்டில் விபூதிப் பை, கற்பூரம், மகனுடைய ஜாதகம். கீழ்த் தட்டில் அம்மனுக்குச் சாத்துகிற பட்டு. கண்ட்ராக்டர் தன் பீர் பாட்டில்களைக் குளிர வைக்க ஆசைப்பட்டிருந்த அலமாரி அது. பாட்டில்கள் குளிக்கிற அறையில் வாளிக்குள் நின்றுகொண்டிருந்தன.

"சாராயத்தக் கொண்டாந்து சாமிகிட்ட வெக்கப் பாத்தாருப்பா, இந்த மனுசன்" என்றார் அங்கம்மாள்.

கண்ட்ராக்டர் கூரையில் ஏதோ தேடினார்.

அதற்குள் ஊருக்கும் விஷயம் பரவியிருந்தது. காணாமல் போன பசு ஒன்று, அதன் சொந்தக்காரி இந்த அலமாரிக்கு வேண்டிக்கொண்ட மறுநாள் திரும்பி வந்ததாம். அது முதல் வெள்ளிக்கிழமைகளில் ஜனம் வரத் தொடங்கிவிட்டது. ஐஸ் காய்க்காத அலமாரிக்கு அத்தனை மரியாதை. ஆயிரம் இஸ்திரிப் பெட்டிக்கு உயிர் கொடுத்த எனக்கு ஓர் அஞ்சடித் தூண். உலகம் எப்படி என்று பாருங்கள்.

அலமாரியின் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். நல்ல அலமாரி என்றால் உள்ளே களக், களக் என்று சத்தம் கேட்கும். இது ஊமையாக இருந்தது. அப்போதே நோய் இரண்டு என்று தெரிந்துவிட்டது. நல்லெண்ணெய் குடித்துத் திரி அடைத்துப்போனது ஒன்று. லோரியில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கொண்டுவந்ததில், உள்ளேயிருக்கிற மருந்துத் தண்ணீர் எங்கோ முடங்கிக்கொண்டது இன்னொன்று. இரண்டாவதற்கு ஒரே வைத்தியம்தான் உண்டு.

"பெரியம்மா, வெளக்க அணைக்கணும். அணைச்சிட்டு, ஒரு பகல் ஒரு ராத்திரி இதத் தலைகீழா நிறுத்தணும்."

அங்கம்மாள் எழுந்து நின்றார்.

"வந்த நாள்லேருந்து அணையாத வெளக்கு. அத அணைச்சு, சாமியத் தலைகீழா நிறுத்துவியா? ஏம்பா, ஒங்கம்மா ஒன்ன எப்படிப் பெத்தாங்க?"

"அங்கம்மா, தொர வர்றாரு" என்றார் கண்ட்ராக்டர், ஈனக் குரலில்.

"தொர வருவாரு, போவாரு. வெளக்கு போனா வருமா?"

செமினி சாக்கடை

தலைகீழ் வைத்தியம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

அதற்குக் கொஞ்ச காலம் முன்பு, செமினிப் பக்கத்தில் ஒரு பங்களாவில் இதே மாதிரி அலமாரி ஒன்று செத்துக் கிடந்தது. பழைய இரும்புக்குப் போடலாம் என்று லோரியில் ஏற்றினார்கள். வளைவில் ஓர் எருமை குறுக்கே வந்தது. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. லோரி சாய்ந்து, அலமாரி தலைகுப்புறச் சாக்கடையில் இறங்கிவிட்டது. மறுநாள் கயிறு கட்டித் தூக்கினோம். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவன் நான். உள்ளே தவளை இருக்கிறதா என்று பார்க்க முதுகில் காதை வைத்தேன். களக், களக். எதற்கும் இருக்கட்டும் என்று திரியைப் பற்றவைத்தேன். சாயங்காலம் ஐஸ்.

தோட்டத்து ஜனமெல்லாம் எருமையின் ராசி என்றார்கள். ஒருவன் அந்த எருமையை நல்ல விலைக்குக் கேட்டான். நான் மட்டும்தான் சாக்கடையைப் பார்த்து யோசித்தேன். எருமைக்குப் போன முதல் புகழ் அது. அடுத்து யாருக்குப் போயிற்று என்று பின்னால் வருகிறது.

கொட்டகையில் அம்மன்

கண்ட்ராக்டர் வீட்டிலிருந்து கோபத்தோடு வெளியே வந்து, அம்மன் கோவில் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தேன். கோவிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. கூரையைப் பிரித்திருந்தார்கள். கர்ப்பக்கிரகத்துக்குள் ஒரு கொத்தனார் பீடி பிடித்தபடி சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். எனக்கே பதறிவிட்டது.

கோவில் பூசை செய்கிற பண்டாரம் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நல்ல தொந்தி, நல்ல சிரிப்பு.

"என்ன சாமி, அம்மன் இருக்கிற எடத்துல மிதிச்சுக்கிட்டு நிக்கிறாரு?"

"அம்மன் அங்க இல்லப்பா. பாலாலயம் பண்ணியாச்சு. சக்தியக் கும்பத்துக்கு மாத்தி, கும்பத்தக் கொட்டாயில வெச்சாச்சு. இப்ப உள்ள இருக்கிறது கல்லு. மேஸ்திரி மிதிச்சாலும் தோசம் இல்ல. வேல முடிஞ்சதும் திருப்பிக் கூப்பிட்டுக்கலாம்."

டீக் குவளையோடு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். திருப்புளியால் முடியாதது இந்த ஆளால் முடியும்!

"சாமி, ஒரு அலமாரிக்குப் பாலாலயம் பண்ணுவீங்களா?"

அவர் என் டீக் குவளையை வாங்கி முகர்ந்து பார்த்தார். டீதான் என்று தெரிந்ததும் கேட்டார்:

"அலமாரியில எந்தத் தெய்வம்?"

"தெரியல சாமி. கீழ நெருப்பு, மேல ஐஸ் தண்ணி."

"கீழ அக்கினி, மேல கங்கை. செவன்தான், சந்தேகமே இல்ல."

"தலைகீழா நிறுத்தப் போறோம் சாமி."

"நிறுத்து. அதுவும் அவன் ஆட்டம்தான்."

காது எந்தப் பக்கம்?

அங்கம்மாள் சட்டென்று ஒப்புக்கொண்டார். பாலாலயம் என்றால் அவருக்குத் தெரியும். கோவில் திருப்பணிக்கே அவர்தான் முதலில் பணம் கொடுத்தவர்.

"சாமி இங்க வந்துரும்னா, அப்பறம் அலமாரிய நீ என்னமும் பண்ணிக்கப்பா" என்று குத்துவிளக்கைத் துலக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

பண்டாரம் மணியடித்தார். அலமாரியின் திரியிலிருந்து குத்துவிளக்குக்குச் சுடர் மாறியது. பிறகு அலமாரித் திரியை நான் இறக்கி அணைத்தேன். எங்கும் இடி இடிக்கவில்லை.

தூக்குவதற்குக் கல் ஏற்றுகிற லோரி ஆட்களைக் கூப்பிட்டார்கள். பாறையைத் தலையில் சுமக்கிற ஆட்கள், அலமாரியைத் தொடாமல் பின்வாங்கினார்கள்.

"பாவம் வரும்ணே. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

கண்ட்ராக்டரின் லோரி ஓட்டுகிற மாட் என்ற மலாய்க்காரர்தான் முன்னால் வந்தார். எங்களோடு பழகி நன்றாகத் தமிழ் பேசுவார்.

"சாமி அங்க வெளக்குக்குப் போயாச்சு லா. இது காலி அலமாரி. தூக்கு, தூக்கு!"

ஒரு மலாய்க்காரருக்குப் பாலாலயம் புரிந்துவிட்டது, நமக்குப் புரியவில்லையா என்று மற்றவர்களும் கை வைத்தார்கள்.

"நில்லுங்க" என்றார் அங்கம்மாள். "தூக்குறதுக்கு முன்ன அது காதுல மன்னிப்புக் கேளுங்க."

எல்லோரும் அலமாரியைச் சுற்றிப் பார்த்தோம்.

"காது எந்தப் பக்கம் பெரியம்மா?" என்றேன்.

அவர் யோசித்துக் கைப்பிடியைக் காட்டினார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய்க் கைப்பிடியில் வாயை வைத்து மன்னிப்புக் கேட்டோம். மாட் மலாயில் கேட்டார். கண்ட்ராக்டர் கொஞ்சம் அதிக நேரம் பேசிக்கொண்டிருந்தார். பீர் பாட்டில் விஷயமாக இருக்கும்.

பிறகு தூக்கித் திருப்பி நிறுத்தினோம். முதலில் நான் சொன்ன அந்தக் காட்சி அதுதான்.

அது தவம் இருந்த நேரத்தில் நான் சும்மா இருக்கவில்லை. திரிவாயில் நல்லெண்ணெய் அல்வா மாதிரி இறுகியிருந்தது. சுரண்டி எடுத்துப் புதுத்திரி போட்டேன். புகைக்குழாயைத் தட்டினால் கரி கரியாய்க் கொட்டியது. கூட்டி எறியப் போனேன்.

"எறியாதப்பா!" என்று அங்கம்மாள் ஓடி வந்தார். "நல்லெண்ணெய்க் கரி. கண்ணுக்கு மை."

நெய் விட்டுக் குழைத்து, வந்த பெண்களுக்கெல்லாம் வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார். அந்த வருஷம் கிள்ளானில் திருஷ்டிப் பொட்டு வைத்த குழந்தைகள் பாதிப் பேர் என் புகைக்குழாயைத்தான் கன்னத்தில் சுமந்தார்கள். இதற்கும் எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை.

மறுநாள் அலமாரியை நிமிர்த்தினோம். அதன் தலையில் ஒரு வட்டில் தண்ணீரை வைத்து, தண்ணீர் எந்தப் பக்கமும் சாயாத வரைக்கும் காலுக்கு அடியில் அட்டை கொடுத்தேன். சாய்ந்து நின்றால் அந்த ஜாதி அலமாரி வேலை செய்யாது. இனி எண்ணெய் ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்ததும் அங்கம்மாள் கதவை மறித்துக்கொண்டார்.

"சாமி திரும்பி வர்ற நேரத்துல சீமெண்ணெயா?"

துரை வருவதற்கு ஒரு நாள்தான் இருந்தது. அஞ்சடித் தூண் என் கண் முன்னால் ஆடியது. பண்டாரத்தை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"சாமி, வெளக்குன்னாத்தான நல்லெண்ணெய்? இத ஓமகுண்டம்னு சொல்லுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொந்தியைத் தடவிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

"அம்மா, வெளக்கு இப்பக் குத்துவெளக்குல இருக்கு, அதுக்கு நல்லெண்ணெய். இங்க இருக்கிறது இனிமே ஓமகுண்டம். ஓமகுண்டத்துல எத ஊத்துனாலும் ஆகுதிதான்."

அங்கம்மாள் டின்னை முகர்ந்து முகம் சுளித்தார். ஒரு பூவைக் கிள்ளி அதற்குள் போட்டார். சரி என்று தலையாட்டினார். ஓமகுண்டம் என்கிற அந்த ஒரு வார்த்தை யாருடையது என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

குத்துவிளக்கிலிருந்து சுடரை எடுத்துத் திரியில் வைத்தோம். மஞ்சளாகத் தடுமாறியது. திரியை ஒரு மயிரிழை இறக்கினேன். சுடர் நீலமாக நின்றது.

"நீலகண்டா!" என்று அலறிவிட்டார் அங்கம்மாள்.

உள்ளே களக், களக் என்றது. பண்டாரம் அதைச் சங்கொலி என்றார். நான் மறுக்கவில்லை.

துரை விழுந்தார்

தீபாவளி விடிந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால், தட்டு நிறைய ஐஸ். வெள்ளையாக, புகை விட்டுக்கொண்டு. கண்ட்ராக்டர் என்னைக் கட்டிப்பிடித்ததில் அவர் மேலிருந்த எண்ணெயெல்லாம் என் புதுச் சட்டையில்.

"காய்ச்சிருச்சுடா! கடை ஒனக்குத்தான்!"

நான் நிம்மதியாகப் பசியாற உட்கார்ந்தேன். இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதற்குள் கூடத்தில் மணிச் சத்தம். எட்டிப் பார்த்தால், அங்கம்மாள் ஐஸை உடைத்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மிச்சத்தை இடித்துப் பிரசாதமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஓர் அரிசி அளவு. வரிசை தெருமுனை வரைக்கும் போயிருந்தது.

"அங்கம்மா! தொரைக்கு வேணுமே!"

"சாமிக்கு மொதல்ல. அப்பறம் வரிசையில யாரு மொதல்ல நிக்கிறாங்களோ அவங்களுக்கு."

அந்த நேரம் பார்த்துத் துரையின் கார் வந்து நின்றது. கண்ட்ராக்டர் என் காதோடு சொன்னார்: "ஐஸ் இல்லன்னா கடையும் இல்லடா."

காய்த்தாயிற்றே, நியாயமா என்று கேட்க எனக்கு நேரமில்லை. துரை இறங்கினார். வரிசையைப் பார்த்தார். சீமைக்காரர்களுக்கு வரிசையைப் பார்த்தால் என்ன ஆகுமோ தெரியாது, அவர் பாட்டுக்குக் கடைசியில் போய் நின்றுகொண்டார். வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றியிருப்பதைப் பார்த்துப் பூட்ஸையும் கழற்றினார்.

வரிசை நகர நகரத் தட்டு காலியாகிக்கொண்டு வந்தது. கண்ட்ராக்டர் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். துரையின் முறை வந்தபோது தட்டில் ஒரே ஒரு துண்டு, சுண்டைக்காய் அளவு.

அங்கம்மாள் துரையின் நெற்றியில் விபூதி பூசினார். இடது கைக்கு மேல் வலது கையை வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்தார். துரை முன்னால் நின்றவர்களைப் பார்த்து அதே மாதிரி வாயில் போட்டு, கையைத் தலையில் துடைத்துக்கொண்டார்.

கடக் என்று கடித்தார். கூடம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது.

"பாகுஸ்" என்றார். நல்லது என்று மலாயில் சொன்னது.

அதோடு போயிருக்கலாம். நெருப்பு எங்கே என்று கேட்டார். நான்தான் முன்னால் வந்து அடியிலிருந்த கண்ணாடியைக் காட்டினேன். அது தரையோடு தரையாக இருக்கிறது. துரை முழங்கால் போட்டுப் பார்த்தார், தெரியவில்லை. இரண்டு கையையும் ஊன்றி, நெற்றியைத் தரையில் வைத்துச் சாய்ந்து பார்த்தார். நீலச் சுடர் தெரிந்திருக்க வேண்டும். "ஆ!" என்றார்.

பின்னாலிருந்த ஜனத்துக்குத் தெரிந்தது அவருடைய முதுகும் வெறுங்காலும்தான்.

"தொரையே விழுந்து கும்பிடுறாரு!"

அடுத்த நிமிஷம் மொத்தக் கூடமும் தரையில் கிடந்தது. கண்ட்ராக்டரும் கிடந்தார். மாட் மட்டும் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நானும் நின்றுகொண்டிருந்தேன். என் கையால் திரி போட்ட அடுப்பு, நான் எதற்கு விழ வேண்டும்?

பித்தளைப் பலகை

கடையில் முன்பாதி எனக்குக் கிடைத்தது. கண்ட்ராக்டர் சொன்ன சொல் தவறாதவர், அதை மறைக்க மாட்டேன். தூணிலிருந்த தகரப் பலகையைக் கழற்றி வாசல் நிலைக்கு மேலே அடித்தேன். என் தொழிலின் ஆதி அதுதான்.

ஆனால் புகழ்? அங்கம்மாளின் பக்தி என்றது பாதி ஊர். தன் மந்திரம் என்றார் பண்டாரம். மாட் கை ராசி என்றார்கள் லோரி ஆட்கள். செமினியில் எருமைக்குப் போனது, கிள்ளானில் இப்படி மூன்றாகப் பங்கு போடப்பட்டது.

இப்போது அந்த வீடு ஒரு பிரார்த்தனை மண்டபம். அலமாரி அங்கேயே நிற்கிறது. அடியில் நெருப்பு இல்லை. உள்ளே விபூதிப் பையும் பட்டும் பழையபடி குடியேறிவிட்டன. போன ஆடி மாதம் கண்ட்ராக்டரின் மகன் அதன் பக்கத்தில் ஒரு பித்தளைப் பலகை வைத்திருக்கிறார். போய்ப் பார்த்தேன். நெருப்பில் ஐஸ் விளைவித்த அம்மையார் என்று அங்கம்மாள் பெயர். பாலாலயம் செய்வித்தவர் என்று பண்டாரம். வாங்கி அளித்தவர் என்று கண்ட்ராக்டர். கடைசி வரியில், 'தரிசித்து வணங்கியவர்' என்று துரை! சுண்டைக்காய் அளவு ஐஸ் தின்றுவிட்டுப் போனவருக்கு ஒரு வரி.

மகனிடம் கேட்டேன். அன்றைக்கு அலமாரிக்குள் ஜாதகமாக இருந்தவர், இன்றைக்கு நரைத்த தலைவர்.

"ஒங்களுக்குத் தெரியாததா அண்ணே? பலகையில எடம் இல்ல."

"எழுத்தச் சின்னதாக்குனா எடம் வரும் தம்பி."

"பித்தளையில வெட்டியாச்சே அண்ணே. இனிமே என்ன பண்றது?"

என்ன பண்ணுவது என்று நான் சொல்கிறேன். மண்டபத்தார் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கம்மாளின் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, அந்த அம்மாளுக்கு அது தகும். பண்டாரத்தின் பெயரும் இருக்கட்டும். துரையும் இருந்துவிட்டுப் போகட்டும், பாவம், எங்கே விழுகிறோம் என்று தெரியாமல் விழுந்தவர். மாட் பெயரையும் சேருங்கள், முதலில் கை வைத்த மனிதர். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி: 'தலைகீழாக நிறுத்தியவர், ராக்கப்பன், இஞ்சினியர், பிரிக்பீல்ட்ஸ்.'

பலகையின் அடி ஓரத்தில் ஒரு விரற்கடை இடம் காலியாக இருக்கிறது. அடியில் விளிம்பு தடுப்பதால் நேராக எழுத்து வெட்ட உளி போகாது என்றார் மகன். நேராக வேண்டாம். பலகையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து வெட்டுங்கள். என் பெயர் தலைகீழாகவே இருக்கட்டும். படிக்கிறவர்கள் துரையைப் போல நெற்றியைத் தரையில் வைத்துப் படித்துக்கொள்வார்கள்.